மாய்ஸ்சரைசர் மட்டும் ஏன் போதாது: எக்சிமாவில் தோலுக்கு வரும் தவறான உத்தரவுகள்

எக்சிமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் மாய்ஸ்சரைசர் வேகமாகத் தீரும். காலையில் தடவியது மதியத்துக்குள் காய்ந்து, முழங்கை மடிப்பும் முழங்கால் பின்புறமும் மறுபடி சொரசொரத்துப்போகும். இந்த பிராண்டு சரியில்லை என்று அடுத்ததை வாங்குவார்கள். செராமைடு சேர்த்தது, ஓட்ஸ் சேர்த்தது, விலை இரண்டு மடங்கு. பெரும்பாலும் கோளாறு பிராண்டில் இல்லை. அழற்சி கனன்றுகொண்டிருக்கும் தோலில், நோயெதிர்ப்பு செல்கள் சுரக்கும் சில புரதங்கள் தோல் செல்களிடமே போய், ஈரத்தை உள்ளேயும் தூசி, கிருமிகளை வெளியேயும் நிறுத்தும் தோல் அரணுக்கு வேண்டிய பொருள்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்த உத்தரவு நிற்காதவரை மேலே எதைப் பூசினாலும் கொஞ்ச நேர நிம்மதிதான்.

தமிழில் கரப்பான் என்று சொல்லப்படும் தோல் நோய்களில் பெரும் பங்கு இந்த அடோபிக் டெர்மடைடிஸ் வகை எக்சிமாதான். நம் ஊரில் அதைச் சுற்றி இரண்டு பேச்சுகள் ஓடுகின்றன. ஒன்று, தோல் வறட்சி, எண்ணெய் தடவினால் போதும். மற்றொன்று, ரத்தத்தில் கெடுதல், சாப்பாட்டில் பத்தியம் வேண்டும். தோலின் வறட்சியும் உள்ளே நடக்கும் நோயெதிர்ப்பும் ஒன்றையொன்று எப்படி வளர்க்கின்றன என்பது கடந்த 20 ஆண்டுகளில் நன்றாகத் தெளிவாகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டால் எந்த மருந்தை எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் போடுவது என்பதில் வரும் குழப்பம் பாதி தீரும்.

முதலில் அரண். தோலின் மேல்படலம், அதாவது நாம் தொட்டுப் பார்க்கும் பகுதி, 15 முதல் 20 அடுக்கு இறந்த செல்கள். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் மொத்தத் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான். இந்தச் செல்களுக்கு நடுவே கொழுப்புப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அதில் ஏறத்தாழப் பாதி எடை செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். செல்களுக்கு உள்ளே ஃபிலாக்ரின் என்ற புரதம் கெரட்டின் இழைகளை இறுக்கிக் கட்டி, செல்லைத் தட்டையாக்குகிறது. அந்த வேலை முடிந்ததும் ஃபிலாக்ரினே சிதைந்து அமினோ அமிலங்களாகவும், யூரோகானிக் அமிலமாகவும், பைரோலிடோன் கார்பாக்சிலிக் அமிலமாகவும் மாறுகிறது. தோலின் ஈரத்தைப் பிடித்துவைப்பவை இவைதான். தோலின் பிஎச் 5 சொச்சத்தில், லேசான அமிலமாக நிற்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

அந்த அமிலத்தன்மை சாதாரண விஷயமில்லை. செராமைடை உருவாக்கித் தரும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். செல்களுக்கு இடையிலான பிணைப்பை வெட்டிவிடும் கல்லிக்ரீன் நொதிகளோ பிஎச் ஏற ஏறத் தீவிரமாகும். ஆகவே பிஎச் 9, 10 உள்ள சோப்பைப் போட்டால் கொழுப்பு கழுவிக்கொண்டு போவது மட்டுமல்ல, புதிதாகக் கொழுப்பு சேர்வது குறைந்து, இருக்கும் செல்களும் காலத்துக்கு முன்பே உதிர்கின்றன.

2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீயைச் சேர்ந்த இர்வின் மெக்லீன் குழுவினரும் அயர்லாந்தின் ஆலன் இர்வைனும் சேர்ந்து, ஃபிலாக்ரின் மரபணுவில் உள்ள இரண்டு பிழைகள் எக்சிமாவுக்கான வாய்ப்பைப் பெரிதும் கூட்டுகின்றன என்று காட்டினார்கள். ஐரோப்பியர்களில் ஏறத்தாழ 9 சதவீதம் பேர் அவற்றில் ஏதேனும் ஒன்றைச் சுமக்கிறார்கள். எக்சிமா நோயெதிர்ப்புக் கோளாறு என்று பேசிக்கொண்டிருந்த துறை ஒரே ஆண்டில் அரண் பக்கம் திரும்பியது. ஆனால் கணக்கு முழுதாகத் தீரவில்லை. எக்சிமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பிழை கிடையாது. ஐரோப்பாவில் பரவலாகக் காணும் பிழைகள் மற்ற இனங்களில் அதே அளவில் இல்லவும் இல்லை. அப்படியிருந்தும் அவர்களின் தோலிலும் ஃபிலாக்ரின் குறைவாகவே இருந்தது.

அடுத்த ஆண்டே விடை வந்தது. அமெரிக்காவின் டென்வரில் டொனால்ட் லியூங் குழு, தோல் செல்களை வளர்க்கும்போது இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற இரண்டு சைட்டோகைன்களை, அதாவது நோயெதிர்ப்பு செல்கள் சுரக்கும் அந்த உத்தரவுப் புரதங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஃபிலாக்ரின் உற்பத்தி இறங்கியது. மரபணு நன்றாக இருந்தாலும் பலனில்லை, அதைப் படிக்க விடாமல் செய்துவிடுகின்றன இந்த மூலக்கூறுகள். எக்சிமா பற்றிய என் புரிதலில் இதைவிட முக்கியமான முடிவு வேறில்லை. அரண் பிறவியிலேயே பழுதாக இருக்கலாம், பிறகும் பழுதாக்கப்படலாம். பிறகு பழுதாக்கப்பட்டதை மீட்டெடுக்க முடியும்.

உத்தரவு போகும் வழியைப் பார்த்தால் இன்றைய மருந்துகள் எந்த இடத்தில் கை வைக்கின்றன என்பது விளங்கும். இன்டர்லூகின்-4, 13 இரண்டும் தோல் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் போய் ஒட்டுகின்றன. ஆல்ஃபா சங்கிலி என்ற பாகம் இரண்டுக்கும் பொது. ஏற்பியின் உட்பக்கம் ஜேக் எனப்படும் நொதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை விழித்து ஸ்டாட்-6 என்ற புரதத்தைத் தூண்ட, அது செல்லின் கருவுக்குள் போய் மரபணுக்களை ஏற்றி இறக்குகிறது. ஃபிலாக்ரினோடு லோரிக்ரின், இன்வொலுக்ரின் ஆகிய மற்ற அரண் புரதங்களும் குறைகின்றன. கொழுப்பு அமிலச் சங்கிலியை நீட்டித் தரும் நொதிகள் அடங்குவதால் செராமைடு குட்டைச் சங்கிலியாக உருவாகிறது. இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எக்சிமாத் தோலில் செராமைடின் அளவு குறைவது மட்டும் பிரச்சினையில்லை, இருப்பதன் நீளமும் சரியில்லை. குட்டைச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படாமல் இடைவெளி விடுகின்றன. அதன் வழியே நீர் ஆவியாகிறது. நலமான முன்கையில் மணிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் வரை நீர் வெளியேறும் என்றால், எக்சிமாத் திட்டில் அது பல மடங்கு. செராமைடு க்ரீம் தடவும்போது மேலிருந்து கொஞ்சம் சேர்கிறது, கீழிருந்து குட்டைச் சங்கிலிகளே தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

இந்தச் சைட்டோகைன்களைச் சுரக்க வைப்பது யார் என்று போனால் சங்கிலி மறுபடி தோலுக்கே திரும்புகிறது. சொறிந்தாலும், சோப்பு அரித்தாலும், வீட்டுத்தூசிப் பூச்சியின் நொதிகள் பட்டாலும், தோல் செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூகின்-33, இன்டர்லூகின்-25 என்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளிவிடுகின்றன. அவற்றைக் கண்டு உள்ளே உள்ள நோயெதிர்ப்பு செல்கள், குறிப்பாக இரண்டாம் வகை உதவி டி செல்களும் அவற்றின் உறவான ஐஎல்சி-2 செல்களும், இன்டர்லூகின்-13ஐக் கொட்டுகின்றன. அது ஃபிலாக்ரினைக் குறைக்கிறது. அரண் ஓட்டையாகிறது. இன்னும் அதிகத் தூசி உள்ளே போகிறது, இன்னும் அதிக எச்சரிக்கைப் புரதம் வெளியே வருகிறது. நாள்பட்ட எக்சிமாவில் இன்டர்லூகின்-22ம் சேர்ந்து தோலைத் தடிக்க வைக்கிறது. கழுத்திலும் கணுக்காலிலும் கோடு கோடாக யானைத்தோல் போலத் தெரிவது இந்தக் கட்டம்தான்.

அரிப்பும் இதே மூலக்கூறுகளின் வேலை. இன்டர்லூகின்-31 நேரடியாக நரம்பைத் தூண்டுகிறது. டிஎஸ்எல்பியும் நேராக நரம்பில் போய்ப் பேசுகிறது. இன்டர்லூகின்-4 நரம்பின் உணர்திறனைக் கூட்டிவிடுவதால் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும் சிறு உறுத்தலும் தாங்க முடியாததாகிறது. இந்தப் பட்டியலில் ஹிஸ்டமினுக்குச் சின்ன இடம்தான். அதனால்தான் அரிப்புக்கு என்று தினமும் கொடுக்கப்படும், ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின், லெவோசெட்ரிசின் மாத்திரைகள் தடிப்பு தடிப்பாக எழும் படைநோயில் (அர்ட்டிகேரியா) கேட்கும் அளவுக்கு எக்சிமாவில் கேட்பதில்லை. தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரைகளால் குழந்தை இரவில் தூங்கலாம், தோலில் நடப்பது நிற்பதில்லை. மாத்திரை கொடுத்தும் அரிப்பு நிற்கவில்லையே என்று அடுத்த ஒவ்வாமைப் பரிசோதனைக்கு ஓடுவதைவிட, மேலே போடும் மருந்து போதிய அளவு போகிறதா என்று பார்ப்பது நல்லது.

பாக்டீரியாவை விட்டுவிட முடியாது. எக்சிமாத் திட்டுகளைச் சோதித்தால் 70 சதவீதத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருக்கிறது. காரணம் மறுபடியும் அதே இரண்டு சைட்டோகைன்கள். நுண்ணுயிர்களைக் கொல்லத் தோல் தானே தயாரிக்கும் எல்எல்-37, பீட்டா டிஃபென்சின்-2 போன்ற பெப்டைடுகளையும் அவை தடுக்கின்றன. சோரியாசிஸ் தோலும் உடைந்ததுதான், ஆனால் அங்கே இந்தப் பெப்டைடுகள் நிறைய இருப்பதால் தொற்று அரிது. குடியேறிய ஸ்டஃபைலோகாக்கஸ் சும்மா இருப்பதில்லை. அதன் டெல்டா நச்சு, ஒவ்வாமைப் பொருள்களைத் தேக்கிவைத்திருக்கும் மாஸ்ட் செல்களை அவற்றைக் கொட்ட வைக்கிறது. அது சுரக்கும் வி-8 என்ற நொதி நேரடியாக நரம்பைத் தொட்டு அரிப்பைக் கிளப்புகிறது. ஆனாலும் தேன் நிறப் பொருக்கும், சீழும், காய்ச்சலும் இல்லாதபோது ஆன்டிபயாடிக் க்ரீமை வாரக்கணக்கில் தடவுவது தவறு. அழற்சி அடங்கினால் பாக்டீரியாவின் எண்ணிக்கை தானாகவே இறங்குகிறது, க்ரீமை நீட்டித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிச்சம்.

அரண்தான் முதல் காரணம் என்றால், பிறந்த நாள் முதல் மாய்ஸ்சரைசர் தடவி எக்சிமாவைத் தடுத்துவிடலாம் அல்லவா? அந்த நம்பிக்கையோடுதான் பிரிட்டனில் பீப் ஆய்வு நடந்தது. குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள 1,394 குழந்தைகள், ஒரு பாதிக்கு முதல் ஆண்டு முழுக்கத் தினமும் மாய்ஸ்சரைசர். 2020இல் வெளியான முடிவில் இரண்டு வயதில் எக்சிமா வந்தவர்கள் தடவிய குழுவில் 23 சதவீதம், தடவாத குழுவில் 25 சதவீதம். சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. எக்சிமா வந்த பிறகு மாய்ஸ்சரைசர் கட்டாயம் வேண்டும், அரிப்பும் குறையும், திரும்ப வருவதும் தள்ளிப்போகும். வராமல் காக்கும் சக்தி அதற்கு உண்டு என்று விளம்பரங்கள் சொல்வதை ஏற்க முடியாது.

ஆக வரிசை இதுதான்: முதலில் அழற்சியை அடக்குவது, கூடவே அரணுக்குக் கை கொடுப்பது. நம் ஊரில் பெரும்பாலும் சறுக்குவது முதல் பாதியில். அழற்சியை அடக்கும் க்ரீமுக்கு ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்து, கடலைமணி அளவு எடுத்து முழுக்கைக்கும் தேய்த்து, மூன்றாம் நாள் கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வருகிறது. மருந்து கேட்கவில்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

அளவுக்கு விரல்நுனிக் கணக்கு இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரலில் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை, வழக்கமான 5 மில்லிமீட்டர் வாய் உள்ள ட்யூபிலிருந்து பிதுக்கிய ஒரு கோடு ஏறத்தாழ 0.5 கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். பெரியவரின் ஒரு கைக்கு (மணிக்கட்டு வரை) 3 கோடு, ஒரு காலுக்கு 6, முதுகுக்கு 7. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு முழுக்கைக்கு 2, முழுக்காலுக்கு 3. இரண்டு கைகளிலும் பரவலான எக்சிமா உள்ள பெரியவருக்கு ஒரு வேளைக்கு 3 கிராம் ஆகிறது, 15 கிராம் ட்யூப் ஐந்து நாளில் தீர வேண்டும். அதே ட்யூப் இரண்டு மாதம் வந்திருந்தால் மருந்து போடப்படவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு முறை போதும், இரு முறை போடுவதால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. உடம்புக்கு மோமெடாசோன் 0.1 சதவீதம் போன்றவை, முகத்துக்கும் அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம் போன்ற வலிமை குறைந்தவை என்பது பொதுவான பிரிவு. மருத்துவர் எழுதிக்கொடுத்த வலிமையை நாமாக மாற்றக்கூடாது. எத்தனை நாள் என்பதைக் கண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பும், கூடவே அரிப்பும், போகும்வரை போட வேண்டும்.

நம் தோல் நிறத்தில் இது இன்னும் முக்கியம். பாடப் புத்தகங்களின் சிவப்பு நம்மில் பலருக்குத் தெரியாது. சாம்பல் நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ, மயிர்க்கால்களில் சிறு சிறு புள்ளிகளாகவோதான் தெரியும். சிவப்பு இல்லை என்பதால் லேசானது என்று மருத்துவர்களே கணிப்பதுண்டு. ஆறிய பிறகு மாதக்கணக்கில் தங்கும் கருமையை க்ரீம் பொசுக்கியதாக நினைத்து மருந்தை நிறுத்துவதும் நடக்கிறது. அது அழற்சி விட்டுப்போன நிறமி, அடுத்த அழற்சி வராமல் இருந்தால் மெல்ல மறையும்.

தோல் ஆறியதாகத் தெரிந்தாலும் உள்ளே சைட்டோகைன்கள் முழுதாக அடங்கியிருப்பதில்லை. எக்சிமா இல்லாததாகத் தெரியும் இடத்திலிருந்து எடுத்த திசுவிலும் அவற்றின் தடம் இருக்கிறது. அதனால் அடிக்கடி திரும்பும் இடங்களில், ஆறிய பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் அதே ஸ்டீராய்டையோ, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்தான டாக்ரோலிமஸையோ தொடர்வது என்ற முறை வந்தது. 2022இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி ஸ்டீராய்டை இப்படித் தொடர்ந்தவர்களில் நோய் திரும்பியது 25 சதவீதத்தினருக்கு, செய்யாதவர்களில் 58 சதவீதத்தினருக்கு. இவ்வளவு எளிய, மலிவான வழி நம் வெளிநோயாளர் பிரிவுகளில் போதிய அளவு சொல்லப்படாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஸ்டீராய்டின் குறையை மறைக்கவும் கூடாது. பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் டாக்ரோலிமஸ் வகையைச் சேர்ந்த பிமெக்ரோலிமஸையும் ஒப்பிட்ட ஜெர்மன் ஆய்வில், அழற்சியை வேகமாக அடக்கியது பீட்டாமெத்தசோன். ஆனால் தோலை மெலியவும் வைத்தது, கொழுப்புப் படலங்களை ஒழுங்காக்கியது பிமெக்ரோலிமஸ்தான். எனவே கண் இமை, முகம், கழுத்து போன்ற மென்மையான இடங்களில் நீண்ட நாள் தேவைப்பட்டால் டாக்ரோலிமஸ்: 2 முதல் 15 வயதுக்கு 0.03 சதவீதம், பெரியவர்களுக்கு 0.1 வரை. முதல் சில நாள் எரியும். அரண் ஓட்டையாக இருக்கும்போது மருந்து ஆழமாக இறங்குவதும், நரம்பு ஏற்கெனவே கூசிப்போயிருப்பதும் அதற்குக் காரணம். தோல் ஆற ஆற எரிச்சல் போய்விடும், மூலக்கூறு பெரியது என்பதால் நலமான தோலுக்குள் அது அதிகம் இறங்குவதுமில்லை. இதைச் சொல்லாமல் கொடுத்தால் இரண்டாம் நாளே ட்யூப் குப்பைக்குப் போகும். உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று: குளோபெட்டாசோலோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்து, சீட்டில்லாமல் மருந்துக்கடையில் எடுத்துத்தரும் க்ரீம்கள். மிக வலிமையான ஸ்டீராய்டு, தேவையில்லாத இரண்டு மருந்துகள், எத்தனை நாள் என்ற கணக்கே இல்லாத உபயோகம்.

மாய்ஸ்சரைசருக்கும் கணக்கு உண்டு. உடம்பு முழுக்க வறட்சி உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 கிராமிலிருந்து 500 கிராம் வரை தேவைப்படும். விலை உயர்ந்த 100 கிராம் ட்யூபை மிச்சம் பிடித்துத் தடவுவதைவிட, வாசனை சேர்க்காத வெள்ளை பாரஃபின் களிம்பைத் தாராளமாகப் போடுவது மேல். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல், துண்டால் ஒற்றி எடுத்தல், மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். ஸ்டீராய்டு போடும் நேரமென்றால் இரண்டுக்கும் நடுவே கால் மணி முதல் அரை மணி இடைவெளி விட்டால் ஒன்றையொன்று நீர்க்காது. எது முதலில் என்பது முக்கியமில்லை. சென்னை, மதுரை வெயிலில் களிம்பு பிசுபிசுத்து வியர்வை அரிப்பைக் கூட்டினால், பகலில் க்ரீம், இரவில் களிம்பு என்று பிரித்துக்கொள்ளலாம். வியர்த்ததும் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடி தடவ வேண்டும்.

எண்ணெய்களில் எல்லாம் ஒன்றில்லை. ஆலிவ் எண்ணெய் அரணைப் பலவீனப்படுத்துவது பெரியவர்களிடம் செய்த சோதனையில் தெரிந்தது, கடுகு எண்ணெய் எலிகளின் தோலில் ஆறுவதைத் தாமதப்படுத்தியது. தேங்காய் எண்ணெய்க்குச் சாதகமாகவே பிலிப்பைன்ஸ் ஆய்வுகள் இருக்கின்றன, ஸ்டஃபைலோகாக்கஸும் குறைந்தது. லேசான வறட்சிக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் இன்டர்லூகின்-13ஐ அது தடுப்பதில்லை.

கடலை மாவு, பயத்தம் மாவு, பாதாம் விழுது போட்டுக் குழந்தையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் பழக்கத்தை எக்சிமாத் தோலில் விட்டுவிட வேண்டும். உராய்வு மட்டும் காரணமில்லை. உணவுப் புரதம் வாய் வழியாகப் போனால் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. ஓட்டையான தோல் வழியாக, டிஎஸ்எல்பி சுரக்கும் இடத்தில் போனால் எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. ஜப்பானில் சிதைத்த கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்திய ஆயிரக்கணக்கானோர் பிறகு கோதுமை சாப்பிட முடியாமல் போனது இதே வழியில்தான். 2015இல் வெளியான லீப் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: கடும் எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள 640 கைக்குழந்தைகளில், வேர்க்கடலையைச் சீக்கிரமே உணவில் கொடுத்துவந்தவர்களுக்கு அதன் ஒவ்வாமை மிகவும் குறைவு. கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்தி, அதே நேரம் மாவைத் தோலில் தேய்ப்பது, இந்த அறிவுக்கு நேர் எதிரான காரியம். கடும் எக்சிமா இருந்தால் முதல்முறை கொடுப்பதை மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம்.

களிம்புகளுக்கு அடங்காதவர்களுக்கு உத்தரவையே குறுக்கே மறிக்கும் மருந்துகள் வந்துவிட்டன. இன்டர்லூகின்-4, 13 இரண்டுக்கும் பொதுவான ஆல்ஃபா சங்கிலியை அடைக்கும் டுபிலுமாப் 2017 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரியவர்களுக்கு முதலில் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் ஊசி. அதைப் போட்டுக்கொண்டவர்களின் தோலில் நீர் ஆவியாவது குறைந்து, நீளச் சங்கிலிச் செராமைடுகள் திரும்பி வந்தன, மேலே செராமைடு பூசாமலே. டென்வர் சோதனைக்கு மனித உடலில் கிடைத்த சான்று என்று இதைச் சொல்வேன். கண் சிவந்து எரிவது அடிக்கடி வரும் பக்கவிளைவு. இன்டர்லூகின்-31இன் ஏற்பியை மறிக்கும் நெமோலிசுமாப் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் எக்சிமாவுக்கு அனுமதி பெற்றது. எச்சரிக்கைப் புரதமான டிஎஸ்எல்பியைத் தடுத்த டெசெபெலுமாப் மட்டும் எக்சிமாவில் ஏமாற்றியது. நெருப்பு பற்றிய பிறகு தொடக்கப் பொறியைத் தேடிப் பயனில்லை போலும்.

ஜேக் நொதிகளைத் தடுக்கும் மாத்திரைகள் ஒரே நேரத்தில் பல சைட்டோகைன்களின் பாதையை அடைப்பதால் அரிப்பு சில நாளிலேயே குறையும். உபடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் இரண்டும் 2022 ஜனவரியில் அமெரிக்காவில் எக்சிமாவுக்கு அனுமதிக்கப்பட்டன. இந்தியாவில் டோஃபாசிட்டினிப் ஜெனரிக்காகக் குறைந்த விலையில் கிடைப்பதால் அதுவும் எழுதப்படுகிறது. வேகமாகக் கேட்கிறது என்பதற்காக அதே சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்கி விழுங்கக்கூடாது. தொடங்கும் முன் காசநோய், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை, ரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு அளவு பார்த்தே ஆக வேண்டும், இடையிலும் பார்க்க வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் முதல் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. அக்கி என்ற வைரஸ் நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

வைரஸ் பேச்சு வந்ததால் ஒன்று. நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகள் குறைந்த எக்சிமாத் தோலில், உதட்டோரத்தில் கொப்புளம் தரும் அதே ஹெர்பிஸ் வைரஸ் வேகமாகப் பரவக்கூடும். ஒரே அளவிலான சின்னக் கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி, ஒரு நாளில் வட்ட வட்டமாகக் குழிந்த புண்ணாகி, அரிப்பைவிட வலி மிகுந்து, காய்ச்சலும் வந்தால் அது எக்சிமா முற்றியது அல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அசைக்ளோவிர் தொடங்கத் தாமதிக்கக் கூடாது. கண்ணைச் சுற்றி இருந்தால் கண் மருத்துவரும் அன்றே பார்க்க வேண்டும்.